வானலையும் அறமும்

நிலத்தை வேலியிட்டுத் தனதாக்கலாம். நீரை அணைகட்டித் தேக்கலாம். வானலையை அவ்வாறு செய்தல் இயலாது. அது பயன்படுத்துவதாற் குறைவதுமில்லை. பயன்படுத்தாது விடுவதாற் சேமிக்கப்படுவதுமில்லை. ஆயினும், ஓரிடத்தில் ஒரே மீடிறனில் இருவர் ஒழுங்கின்றிப் பேசின் இருவர் பேச்சுங் கெடும். ஆகவே அதனைப் பங்கிட வேண்டியுள்ளது. பங்கீடு என்றதும் அறமும் உடன் எழுகின்றது.

கையடக்கத் தொலைபேசியின் வரலாற்றில் இப்பங்கீட்டுக்கு இரு முறைகள் போட்டியிட்டன. 1991 இல் பின்லாந்தில் சேவைக்கு வந்த ஜீ.எஸ்.எம். முறை, 200 கிலோஹேட்ஸ் அகலமுள்ள அலைப்பாதையை எட்டு நேரக் கூறுகளாக்கி, எட்டுப் பேருக்கு முறைவைத்து வழங்கியது. 1990 களில் அமெரிக்காவில் வளர்ந்த சீ.டி.எம்.ஏ. முறையிலோ அனைவரும் ஒரே வேளையில் ஒரே மீடிறனிற் பேசினர். ஒவ்வொருவர் பேச்சும் தனித்தனிச் சங்கேதத்தாற் பிரித்தறியப்பட்டது. ஆனால், கோபுரத்தின் அருகிலுள்ள கருவி உரத்து ஒலிபரப்பின் தொலைவிலுள்ளவர் குரல் அமிழ்ந்துவிடும். எனவே ஒவ்வொரு கருவியின் வலுவும் செக்கனுக்கு 800 தடவை திருத்தப்பட்டது. முன்னையது முறைவைத்தல், பின்னையது அடக்கம். பொறியியலாளர் வினைத்திறன் எனப் போற்றுவது, ஒருவர் மற்றவருக்கு இடம் விட்டதன் பயனே என்பது இவற்றாற் பெறப்படும்.

கருவியின் அடக்கம் கட்டளையால் வந்தது. அஃது அறமாகாது எனலாம். உண்மையே. ஆயின் அக்கட்டளையை வகுத்தவன் மனிதன். கருவிக்கு விதித்த அடக்கத்தை வானலையின் உரிமையாளருக்கும் விதித்தல் வேண்டுமா என்பதே நம் வினா.

வேண்டியதில்லை, விலையே போதும் என்பது ஒரு சாரார் கொள்கை. மீடிறன்களைச் சந்தையில் விற்கலாம் என 1959 இல் பொருளியலறிஞர் றொனால்ட் கோஸ் வாதிட்டார். கூடிய விலை கொடுப்பவர் கூடிய பயன் விளைவிப்பார் என்பது இதன் உட்கிடை. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மனி நடத்திய ஏலத்தில் ஆறு நிறுவனங்கள் ஏறத்தாழ 50 பில்லியன் யூரோ கொடுக்க முன்வந்தன. அவற்றுள் இரண்டு, தமது மூன்றாந் தலைமுறை வலையமைப்பை மக்களுக்குத் திறவாமலே விலகின. விலை கொடுத்தவர் யாவரும் பயன் விளைவிப்பவரல்லர்.

விளைவித்தாலும், அப்பயன் யாருக்கு என்ற வினா எஞ்சும். சனம் நெருங்கிய நகரில் ஒரு கோபுரம் ஆயிரவருக்கு உதவும். கிராமத்திற் சிலருக்கே உதவும். வினைத்திறனை மட்டும் அளவுகோலாக்கின் கிராமம் என்றும் கடைசியிலேயே நிற்கும். இதனை உணர்ந்தே ஜேர்மனி 2010 இல், தொலைதூரஞ் செல்லும் 800 மெகாஹேட்ஸ் அலைகளை ஏலமிட்டபோது ஒரு நிபந்தனை விதித்தது. அகலப்பட்டை இணைய வசதியற்ற, 5,000 க்குட்பட்ட குடித்தொகையுடைய ஊர்களுக்கு முதலிற் சேவை வழங்கியே பெருநகர்களுக்குச் செல்லவேண்டும் என்பதே அது.

சிலருக்காகப் பலர் காத்திருத்தல் நியாயமோ? நகரத்தவருக்கு வேறு வழிகள் இருந்தன; கிராமத்தவருக்கு அவ்வழியன்றி வேறில்லை. காத்திருப்பவர் தொகையை மட்டும் எண்ணுவோர் இவ்வேறுபாட்டைக் காணார். ஏலத்தை ஒழித்தல் வேண்டுமென்பதன்று நம் கருத்து. ஏலம் முடிவு செய்யத்தகாத ஒன்றும் உண்டு என்பதே. கோபுரத்தின் அருகிலுள்ளவன் குரலைத் தணித்தாலன்றித் தொலைவிலுள்ளவன் குரல் கேளாது. கருவிகளுக்கு நாம் விதித்த இவ்விதி, அவற்றை ஆள்வோருக்கும் உரியதாதல் வேண்டும்.