தெரிந்தெடுக்கப்படாத பூனை

பிரித்தானியாவில் கைவிடப்பட்ட பிராணிகளுக்கான புகலிடங்களுக்குச் சென்று பூனையொன்றைத் தெரிந்தெடுப்போர், கம்பியருகே ஓடிவந்து உடலை உரசி நிற்கும் இளம் பூனையை விரும்பி எடுத்துச் செல்வதில் வியப்பில்லை. கூட்டின் பின்மூலையில், விரிப்புத் துணிக்குள் முகம் புதைத்துக் கிடக்கும் பன்னிரண்டு வயதுப் பூனையை யார் பார்ப்பார்? அதன் அட்டையிலே சிறுநீரகக் கோளாறு என்றும், தினந்தோறும் மாத்திரை என்றும் எழுதியிருக்குமாயின், பார்க்க நின்றவரும் அடுத்த கூட்டுக்கு நகர்ந்துவிடுவர். நாம் ஆராய எடுத்துக்கொண்டது அந்தப் பூனையின் வழக்கையே. விரும்பத்தக்கன என்று பிறர் கருதும் குணங்களில் ஒன்றேனும் இல்லாத ஒரு சீவன், தனக்கு ஒரு வீடு வேண்டுமென்று கேட்க எந்த நியாயத்தைக் காட்டலாம்?

மனிதர் தெருவில் உறங்கும் உலகில் பூனைக்கு வீடு தேடுவது பொழுது போகாதவர் வேலை என்று அன்பர் சிலர் சினக்கக்கூடும். அச்சினத்தை நாம் மதிக்கிறோம். ஆனால், பயன்பட்டால் இடமுண்டு, பயன்படாவிட்டால் வெளியே போ என்னும் விதி பூனைக் கூட்டோடு நின்றுவிடுவதில்லை. ஆலையிலிருந்து நீக்கப்பட்ட முதிய தொழிலாளியிடம் பேசப்படுவதும் அதே விதிதான். அவ்விதி போர்வையின்றி நிற்கும் இடத்தில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இக்கேள்வி பழையது. உரோம நாட்டுக் கேற்றோ, வயதான அடிமைகளை விற்றுவிட வேண்டும், வேலை செய்யாதவர்களுக்குச் சோறு போடலாகாது என்ற கொள்கையுடையவன். தன்னைப் போர்க்களங்களில் சுமந்த குதிரையையும், கப்பற் கூலி அரசுக்கு வீண் செலவென்று ஸ்பானியாவிலேயே விட்டு வந்தவன். அவனுடைய வரலாற்றை எழுதிய புளூட்டார்க் இதனைப் பாராட்டவில்லை, கடுமையாகக் கண்டிக்கிறார். அவர் எடுத்துக்காட்டுவது ஏதென்ஸ் நகரத்தாரை. அக்ரோபொலிஸ் குன்றில் பார்த்தெனன் கோயிலைக் கட்டியபோது நன்றாக உழைத்த கோவேறு கழுதைகளை அவர்கள் அவிழ்த்துவிட்டு, விரும்பியவாறு மேயவிட்டனராம். அவற்றுள் ஒன்று, வேலையினின்றும் விடுவிக்கப்பட்ட பின்னரும் தானாகவே வந்து, சுமை இழுக்கும் விலங்குகளுக்கு முன்னே நடந்ததாகவும், அது சாகும்வரை அதற்குத் தீனி பொதுச் செலவில் வழங்கப்பட்டதாகவும் அவர் எழுதுகிறார். பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மன் தத்துவஞானி கான்ற், தம் ஒழுக்கவியல் விரிவுரைகளில் ஏறக்குறைய இதையே சொன்னார்: நெடுங்காலம் உண்மையாய் உழைத்த நாய் உழைக்க இயலாத நிலையை அடைந்தால், எசமான் அதைச் சாகும்வரை காக்க வேண்டும், கொன்றுவிடுபவன் தன்னுள் இருக்கும் மனிதத்தன்மையைப் பழுதாக்கிக்கொள்கிறான்.

நல்ல வார்த்தைகளே. ஆயினும், நம் பூனைக்கு இவற்றால் என்ன பயன்? கழுதை கல்லிழுத்தது. நாய் காவல் நின்றது. பூனையோ யாருக்கும் உழைக்கவில்லை. தன்னை வளர்த்த மூதாட்டி இறந்ததனாலோ, முதியோர் இல்லம் சென்றதனாலோ இங்கு வந்து சேர்ந்திருக்கலாம். புதிதாக அதைப் பார்க்க வருபவருக்கு அது எந்தக் கடனும் கொடுத்திருக்கவில்லை. உழைப்புக்குக் கூலியாகவே பரிவு கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், கேற்றோவின் கணக்குப் புத்தகத்தை நாம் இன்னும் மூடவில்லை. வரவு செலவை இன்னும் சில ஆண்டுகளுக்கு நீட்டியிருக்கிறோம், அவ்வளவே.

நியாயத்தை வேறிடத்தில் தேடவேண்டும். சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதனருகே பூனையும் கிடத்தப்பட்டிருந்ததைத் தொல்லியலாளர் கண்டனர். அச்செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவ்வளவு நெடுங்காலமாக நம்மோடு சேர்ந்திருக்கும் இனம் இது. அதன் கூச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பூனைக்குட்டி பிறந்து இரண்டாம் வாரத்திற்கும் ஏழாம் வாரத்திற்கும் இடைப்பட்ட காலத்தில் மனிதக் கை அதை அன்பாகத் தொட்டதா என்பது, வாழ்நாள் முழுவதும் மனிதரிடம் அது கொள்ளும் அச்சத்தைப் பெரிதும் நிருணயிக்கிறது. அந்த ஐந்து வாரங்களில் அதன் பக்கத்தில் யார் இருந்தார், யார் இல்லை என்பதில் அதற்கு என்ன பங்கு? முதுமையும் நோயும் அது தேடிக்கொண்டவையல்ல. வீட்டுக்குள் வாழப் பழக்கி, வீட்டுக்கு வெளியே வாழும் திறனைக் குறையச் செய்தவர்கள் மனிதர். ஆகவே, வீட்டைக் கேட்கும் உரிமை அதன் குணத்திலிருந்து வருவதன்று. அதனை இந்நிலையில் வைத்தவர்களின் செயலிலிருந்தே வருகிறது.

இவ்விடத்திற் புகலிடங்களையும் சிறிது குறை கூறவேண்டியிருக்கிறது. ‘பொறுமையாக இருங்கள், ஒருநாள் மடியில் வந்து படுத்து உங்கள் அன்புக்கு ஈடு செய்யும்’ என்ற பாணியில் இத்தகைய பூனைகளுக்காக விளம்பரம் எழுதப்படுகிறது. நல்லெண்ணத்தோடுதான் எழுதுகின்றனர். ஆனால் அது வட்டிக்கு விடும் அன்பு. சில பூனைகள் மடிக்கு வருவதேயில்லை. கட்டிலின் கீழிருந்தே ஆண்டுகளைக் கழிக்கின்றன. அப்படி நேர்ந்தாலும் வைத்திருப்பேன் என்பவரிடமே கொடுக்க வேண்டும். வாக்குறுதியை நம்பி எடுத்துச் சென்றவர் மூன்று வாரத்தில் திருப்பிக் கொண்டுவரின், அச்சம் இன்னும் ஆழமாகிறது.

பணமும் ஒரு கேள்வி. நீரிழிவு கண்ட பூனைக்குப் பெரும்பாலும் நாளுக்கு இருமுறை இன்சுலின் ஊசி. சிறுநீரகம் தளர்ந்ததற்குத் தனி உணவு. தைரொயிட் மிகைக்கு மாத்திரை. அமைதியான வீடும் நாள் முழுதும் ஓய்வும் உள்ள முதியோரே இப்பூனைகளுக்கு மிகவும் ஏற்றவர். மருத்துவச் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்குவோரும் அவர்களே. இது தனிமனிதரின் இரக்கத்தால் மட்டும் தீர்க்கத்தக்கதன்று. 1917இல் மரியா டிக்கின் என்ற பெண்மணி இலண்டன் வைற்சப்பலில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவமனை திறந்தபோது, பிராணியை நேசிப்பது பணக்காரரின் தனிச்சொத்து அன்று என்பதை நடைமுறையில் காட்டினார். இன்று சில புகலிடங்கள் நோயுற்ற முதிய பூனையைத் தம் பொறுப்பிலேயே வைத்து, மருந்துச் செலவைத் தாமே ஏற்று, இருக்க இடம் மட்டும் ஒரு வீட்டாரிடம் கேட்கின்றன. இவ்வேற்பாடு பெருக வேண்டும் என்பதே நம் கட்சி.

வலி பொறுக்கவியலாது, தேறும் வழியும் அற்றபோது உயிரை அமைதியாக முடித்துவிடுவது வேறு. கூடு நிரம்பிவிட்டதென்று கொல்வது வேறு. இத்தாலியில் 1991ஆம் ஆண்டின் 281ஆம் சட்டம், வெளியில் திரியும் பூனைகளைக் கடும் நோயோ தீராத நோயோ இருந்தாலன்றிக் கொல்லலாகாது என்று விதித்து, இவ்வேறுபாட்டை எழுத்திலேயே வைத்தது.

எடுத்துச் செல்வோர் அறியவேண்டியது அதிகமில்லை. முதல் வாரங்களில் முழு வீட்டையும் திறந்துவிடாது, ஓர் அறையை மட்டும் கொடுக்க வேண்டும். அதில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி இருக்கட்டும்; நெதர்லாந்துப் புகலிடமொன்றில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிட விரைவில் பதற்றம் தணிந்தன. பெட்டியிலிருந்து இழுத்தெடுக்கலாகாது, உற்றுப் பார்க்கவும் வேண்டாம். தட்டையும் தண்ணீரையும் வைத்துவிட்டு வெளியேறலாம். ஊரடங்கிய பின் வந்து உண்ணும். ஒருநாள் முழுதும் தட்டு தொடப்படாதிருந்தால் மட்டும் காத்திருத்தல் தகாது. உண்ணாத பூனையின் ஈரல் விரைவிற் கெட்டுவிடும். மிருக வைத்தியரை அழைக்க வேண்டும்.