கர்த்தரின் பெயரில் ஒரு கன்றுக்குட்டி

யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் பத்துக் கட்டளைகளின் தொடக்கத்திலேயே இரண்டு தடைகள் அடுத்தடுத்து வருகின்றன. வேறு தெய்வங்களை வணங்கக் கூடாது என்பது ஒன்று. வானத்திலோ பூமியிலோ நீரிலோ உள்ள எதன் வடிவிலும் சிலை செய்து அதன்முன் பணியக் கூடாது என்பது மற்றொன்று. இவை ஒரே கட்டளையா, தனித்தனிக் கட்டளைகளா என்பதில் சபைகள் இன்றுவரை ஒன்றுபடவில்லை. அகஸ்டீன் காட்டிய வழியில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இவற்றைச் சேர்த்து ஒன்றாக எண்ணுகிறார்கள்; ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், சீர்திருத்தச் சபையார் இரண்டாகப் பிரிக்கிறார்கள். எப்படி எண்ணினாலும் தடுக்கப்படும் குற்றங்கள் இரண்டு. கடவுளை விட்டு வேறிடம் போவது ஒரு குற்றம். கடவுளையே தன் கைக்கு அடங்கும் அளவுக்குக் குறுக்கிக்கொள்வது மற்றது. முதல் குற்றம் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். இரண்டாவது பக்தியோடு பக்தியாகக் கலந்து வருவதால் செய்கிறவருக்கே தெரிவதில்லை. வேதாகமத்தின் நீண்ட போராட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாவதோடுதான்.

பொன் கன்றுக்குட்டியின் கதையே இதற்கு முதல் சான்று. மோசே சீனாய் மலைமேல் நாற்பது நாள் தங்கிவிட, கீழே மக்கள் பொறுமையிழக்கிறார்கள். ஆரோன் அவர்களுடைய பொற்காதணிகளை வாங்கி உருக்கிக் கன்றுக்குட்டி செய்கிறான். அதன்முன் பலிபீடம் கட்டி, மறுநாள் பண்டிகை என்று கூறுகிறான். யாருக்குப் பண்டிகை? எகிப்தின் தெய்வம் எதற்கும் அல்ல, கர்த்தருக்கே என்கிறது யாத்திராகமம் 32. மக்கள் தங்கள் கடவுளை மாற்றிக்கொண்டதாக நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல், எப்போது பேசுவார் என்று அறிய முடியாமல் மேகத்துக்குள் இருந்தவரைக் கண்ணுக்குத் தெரிகிறவராக, முன்னால் தூக்கிச் செல்லக்கூடியவராக ஆக்கிக்கொண்டார்கள்.

கி.மு. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தபோது வடக்கின் முதல் அரசன் யெரொபெயாம் அதே கன்றுக்குட்டியை இரட்டிப்பாக்கினான். பெத்தேலில் ஒன்று, தாணில் ஒன்று. மக்கள் பலியிட எருசலேமுக்குப் போய்வந்தால் அவர்கள் மனம் தாவீதின் வம்சத்தின் பக்கம் திரும்பிவிடும் என்ற அச்சமே காரணம் என்று 1 ராஜாக்கள் 12 வெளிப்படையாகச் சொல்கிறது. கானானில் புயல்தெய்வம் காளைமேல் நிற்பதாக உருவங்கள் கிடைத்திருப்பதால், யெரொபெயாமின் கன்றுகளும் கர்த்தரின் வாகனமாகவே கருதப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சமாரியாவின் மலைப்பகுதியில் ஏறத்தாழ 18 செ.மீ. நீளமுள்ள பழைய வெண்கலக் காளை ஒன்று கிடைத்திருக்கிறது. தாணில் நடந்த அகழாய்வு பெரிய வழிபாட்டு மேடையை வெளிக்கொணர்ந்தது. சீனாய்ப் பாலைவனத்தில் குந்தில்லெத் அஜ்ருத் என்னுமிடத்தில் 1975, 1976 ஆண்டுகளில் தோண்டியெடுத்த பெரிய சாடிகளில், சமாரியாவின் யாவேயையும் (கர்த்தரின் எபிரேயப் பெயர்) அவருடைய அசேராவையும் சொல்லி ஆசீர்வதிக்கும் எழுத்துகள் உள்ளன. அவை கி.மு. 800ஐ ஒட்டியவை. அசேரா என்பது பெண் தெய்வமா, மரத்தாலான வழிபாட்டுச் சின்னமா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் அன்றைய குடும்பங்கள் கர்த்தரையும் அசேராவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டதில் முரண்பாடு எதையும் காணவில்லை என்பது தெளிவு. கானானியப் புயல்தெய்வமான பாகாலா, கர்த்தரா என்று கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியா கேட்டது இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிட்டவர்களை அல்ல, இரண்டையும் வைத்துக்கொண்டவர்களைத்தான்.

நியாயாதிபதிகள் 17, 18 அதிகாரங்களில் வரும் மீகாவின் கதை இவற்றைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. இந்தப் பொருளுக்கு அதைவிட நெருக்கமான கதை வேதாகமத்தில் இல்லை. எப்பிராயீம் மலைநாட்டில் ஒருவன் தன் தாயின் 1,100 வெள்ளிக்காசைத் திருடி, அவள் சபித்ததைக் கேட்டுப் பயந்து திருப்பிக் கொடுக்கிறான். அவள் அந்தப் பணத்தைக் கர்த்தருக்கென்று நேர்ந்து, அதில் 200 காசைத் தட்டானிடம் கொடுத்துச் சிலை செய்விக்கிறாள். பிறகு பிழைப்புத் தேடி வந்த லேவியன் ஒருவனை மீகா ஆண்டுக்குப் பத்து வெள்ளி, உடை, சாப்பாடு என்று பேசி வீட்டோடு வைத்துக்கொள்கிறான். ஆசாரியனும் கிடைத்துவிட்டான், இனி கர்த்தர் தனக்கு நன்மை செய்தே தீருவார் என்பது அவன் நம்பிக்கை. சில காலத்தில் தாண் கோத்திரத்தார் அறுநூறு பேர் ஆயுதங்களோடு வந்து சிலையை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஆசாரியனாக இருப்பதைவிட ஒரு கோத்திரத்துக்கே ஆசாரியனாக இருப்பது மேலல்லவா என்று லேவியனையும் கூப்பிடுகிறார்கள். அவன் மகிழ்ச்சியோடு போய்விடுகிறான். இந்தக் கதையில் வருகிற எல்லோரும் கர்த்தரின் பெயரைச் சொல்கிறார்கள். யாரும் அவர் சொல்வதைக் கேட்பதில்லை.

கடவுளே கொடுத்தவைகூட இப்படிச் சிலையாகிவிடலாம். வனாந்தரத்தில் பாம்புக்கடிக்கு மருந்தாக மோசே உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்துக்குப் பல நூற்றாண்டு கழித்து மக்கள் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். பெலிஸ்தரோடு நடந்த போரில் தோல்வி வந்ததும் சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டி எதிரியின் கையில் சிக்கியது. ஆலயம் இருக்கும்வரை எருசலேமுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியவர்களிடம், சீலோவுக்கு என்ன நேர்ந்தது என்று போய்ப் பாருங்கள் என்றார் எரேமியா. அந்நியனையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு ஆலயத்துக்குள் வந்து பத்திரமாக நிற்கப் பார்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. கி.மு. 586ஐ ஒட்டி அந்த ஆலயம் பாபிலோனியரால் எரிக்கப்பட்டது.

தீர்க்கதரிசிகள் சிலைகளைக் கேலி செய்த பகுதிகளும் உண்டு. ஏசாயா 44இல் தச்சன் ஒரே மரத்தில் பாதியை எரித்துக் குளிர்காய்ந்து, மிச்சத்தைத் தெய்வமாக்கி வணங்குகிறான். இதைப் பிற சமயத்தார் தங்கள் வழிபாட்டைப் பற்றித் தரும் விளக்கமாக எடுத்துக்கொள்வது தவறு. மெசொப்பொத்தாமியாவில் புதுச் சிலைக்கு ‘வாய் கழுவுதல்’ என்ற நீண்ட சடங்கு நடந்தது. அதன் முடிவில் சிற்பிகளின் கைகளை மரவாளால் வெட்டுவதுபோல் பாவனை செய்வார்கள். தாங்கள் இதைச் செய்யவில்லை, தெய்வமே செய்தது என்று சிற்பிகள் சத்தியம் செய்வார்கள். மரத்தையே தெய்வமென்று நினைக்கும் அளவுக்கு அவர்கள் அறியாதவர்கள் அல்லர். பிரதிஷ்டைக்கு முன்னும் பின்னும் சிலைக்கு உள்ள வேறுபாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு இது எளிதில் புரியும். ஏசாயாவின் கேலி பாபிலோனியருக்காக எழுதப்பட்டதும் அல்ல. சிறையிருப்பில் பாபிலோனின் ஊர்வலங்களைப் பார்த்து மனம் தளர்ந்த தம் சொந்த மக்களுக்காக எழுதப்பட்டது. இன்று அந்த வசனங்களை எடுத்து அயலார் வீட்டுப் பூஜையறையை ஏளனம் செய்கிறவர்கள், தங்களை நோக்கி நீட்டப்பட்ட விரலைப் பிறர்மேல் திருப்பிவிடுகிறார்கள்.

சொந்த மக்களை எச்சரிப்பதற்கும் அயலாரை ஏளனம் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டைப் புதிய ஏற்பாட்டில் பவுல் காத்தார். ஏதென்ஸ் முழுவதும் சிலைகளைக் கண்டு மனம் கொதித்தவர், பேச எழுந்தபோது அறியப்படாத தெய்வத்துக்கு அவர்கள் கட்டியிருந்த பலிபீடத்திலிருந்து மரியாதையோடு தொடங்கினார். எபேசுவில் வெள்ளித் தட்டான் தெமேத்திரியு பவுலுக்கும் அவருடைய தோழர்களுக்கும் எதிராகக் கலகம் மூட்டியபோது, இவர்கள் நம் தேவியைப் பழித்தவர்கள் அல்லர் என்று நகரத்து அதிகாரியே சாட்சி சொன்னதாக அப்போஸ்தலர் நடபடிகள் 19 கூறுகிறது. தெமேத்திரியுவைத் தூண்டியதில் பக்தியைவிட வியாபாரக் கவலைக்கே பங்கு அதிகம் என்பதையும் அந்த அதிகாரம் மறைக்கவில்லை. கொரிந்துச் சபைக்கு இருந்த சிக்கல் அன்றாடமானது: கோவிலில் படைத்துச் சந்தைக்கு வரும் இறைச்சியைச் சாப்பிடலாமா? விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகவே உணவில் தீட்டில்லை. ஆனால் சாப்பிடுவதைப் பார்த்துப் பலவீனமான சகோதரன் இடறினால் சாப்பிட வேண்டாம் என்றார் பவுல். ஆயுதபூஜைப் பொரியைக் கையில் வாங்கும் தமிழ்க் கிறிஸ்தவருக்கு இது பழங்கதை அல்ல. பவுலின் பதிலில் தட்டில் இருப்பதைவிட அருகில் இருப்பவர் முக்கியமாகிறார்.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்திலோ பொருளாசையே விக்கிரகாராதனை என்று நேராகச் சொல்லப்படுகிறது. கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருசேர ஊழியம் செய்ய முடியாது என்று இயேசு சொன்னதன் தொடர்ச்சி இது. எசேக்கியேல் ஏற்கெனவே இருதயத்துக்குள் வைக்கப்பட்ட விக்கிரகங்களைப் பற்றிப் பேசியிருந்ததால் இது முற்றிலும் புதிய கருத்தல்ல.

சபையின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் இந்தக் கேள்வி உயிரோடு விளையாடியது. பித்தினியாவின் ஆளுநர் பிளினி கி.பி. 112ஐ ஒட்டி டிராஜன் பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பேரரசரின் உருவத்தின்முன் தூபமும் திராட்சரசமும் படைத்துக் கிறிஸ்துவைச் சபிக்கச் சொல்லிச் சோதித்ததை விவரிக்கிறார். ஒரு சிட்டிகை தூபம் போதுமாயிருந்தது. மறுத்தவர்களை அரசு விசுவாசமற்றவர்களாகப் பார்த்தது.

பேரரசே கிறிஸ்தவமானபின் கேள்வி ஆலயத்துக்குள் நுழைந்தது. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் திருவுருவங்கள் உடைக்கப்பட்டன. கடவுள் கிறிஸ்துவில் மனித உடல் எடுத்தார் என்றால் அந்த முகத்தை வரையலாம் என்று தமஸ்கு யோவான் வாதாடினார். 787இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் உருவத்துக்குச் செலுத்தும் வணக்கத்தை அனுமதித்து, ஆராதனை கடவுள் ஒருவருக்கே என்று வரம்பிட்டது. சீர்திருத்த காலத்தில் பழைய சண்டை மீண்டது. 1524இல் சூரிச் நகர மன்றம் ஆலயங்களிலிருந்து உருவங்களை அகற்றியது. அங்கே சீர்திருத்தவாதி சுவிங்கிலியின் வாதத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு: கடவுளின் சாயல் உயிருள்ள ஏழைகளிடம் இருக்கிறது, மரச்சிலைக்குப் பட்டு உடுத்தும் பணம் அவர்களுக்கே போகவேண்டும் என்றார். சிலையை எடுத்தாலே விக்கிரகம் போய்விடாது என்பதை லுத்தர் 1529இல் தம் பெரிய ஞானோபதேசத்தில் எழுதினார். மனம் எதைப் பற்றிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறதோ அதுவே ஒருவனுடைய தெய்வம் என்பது அவர் தந்த விளக்கம். பணத்தை உலகில் மிகப் பரவலான விக்கிரகம் என்றார். தன் நற்செயல்களைக் காட்டிக் கடவுளிடம் கணக்குக் கேட்கும் பக்தியையும் அதே பட்டியலில் சேர்த்தார்.

லுத்தரின் அளவுகோல் நவீன காலத்தில் அரசியலில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. ஹிட்லரின் ஆட்சி தொடங்கியதும் ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற இயக்கம் இனத்தையும் தலைவரையும் கடவுளின் வெளிப்பாடாகப் பேசியது; சுவஸ்திகாக் கொடி ஆலயங்களுக்குள் வந்தது. 1934 மே மாதம் இதை எதிர்த்துப் பார்மன் நகரில் கூடிய சபையார், பெரும்பாலும் இறையியலாளர் கார்ல் பார்த் எழுதிய பிரகடனத்தின் வழியாக, கிறிஸ்துவைத் தவிர வேறு நிகழ்வையோ ஆற்றலையோ உருவத்தையோ கடவுளின் வெளிப்பாடாக ஏற்க முடியாது என்று அறிவித்தார்கள். அந்தப் பிரகடனம் யூதர்கள்மீதான கொடுமையைப் பற்றிப் பேசவில்லை; அதன் பெரிய குறை அது. தென்னாப்பிரிக்காவில் 1985இல் வெளியான ‘கைரோஸ்’ ஆவணம் ஒருபடி மேலே சென்றது. நிறவெறி அரசின் அரசமைப்புச் சட்டம் முகவுரையிலேயே கடவுளைத் துணைக்கு அழைத்தது. அந்தக் கடவுள் வேதாகமத்தின் கடவுள் அல்ல, ஒரு விக்கிரகம் என்று ஆவணம் பெயர் சொல்லியே கூறியது.

தமிழ்ச் சபைகளில் சிலையைப் பற்றிய வாதம் பெரும்பாலும் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் இடையே சுரூபங்களை வைத்தே நடக்கிறது. அதன் நிழலில் வேறு பல கவனிக்கப்படாமல் போகின்றன. தலையணைக்கடியில் காப்பாக வைக்கப்பட்டுத் திறக்கப்படாத வேதாகமம், ஜெபித்துக் கொடுத்த எண்ணெயை மட்டும் நம்பும் விசுவாசம், காணிக்கை கொடுத்தால் பன்மடங்காகத் திரும்பும் என்ற செழிப்புப் பிரசங்கம், கேள்வி கேட்க முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் எல்லாம் அந்த வரிசையில் வருகின்றன. எண்ணெயும் காணிக்கையும் தம்மளவில் தவறல்ல. வெண்கலச் சர்ப்பமும் தவறாகத் தொடங்கவில்லை. அவற்றைக் கொண்டு கடவுளை இயக்கலாம் என்ற எண்ணம் நுழைகிற இடத்தில் மீகாவின் வீடு மீண்டும் கட்டப்படுகிறது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேரோடியது சாதி. சுவிசேஷமும் அதுவும் மோதும்போது எதற்குக் கீழ்ப்படிகிறார்கள் என்பதுதான் சோதனை. திருமணத்திலும், சபைத் தேர்தலிலும், இறந்தவரை எங்கே புதைப்பது என்பதிலும் பல சபைகள் சாதிக்கே கீழ்ப்படிந்திருக்கின்றன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை உடனே கைவிடப்பட வேண்டும் என்று கடிதம் எழுதினார். ஆராதனையில் தனித்தனியே உட்காருவதையும் நற்கருணையில் முந்திப் பிந்தி வருவதையும் அது தடுத்தது. வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையை விட்டு விலகினார்கள். தங்கள் முன்னோரின் விக்கிரகங்களைத் துணிவோடு கைவிட்ட குடும்பங்கள் அவை. வடக்கன்குளத்தில் 1870களில் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயத்துக்கு, இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தை நோக்கி நிற்கும்படி இரண்டு கிளைகள் அமைக்கப்பட்டன. அவர்களைப் பிரித்த நடுச்சுவர் பின்னர் இடிக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கென்று தனிக் கல்லறைப் பகுதி ஒதுக்கும் வழக்கம் தமிழ்நாட்டின் சில பங்குகளிலும் சபைகளிலும் இன்னும் நீடிக்கிறது.