எடையும் நியாயமும்: ஆர்க்கிளை முன்வைத்து

சமத்துவம் பற்றிய பேச்சில் இரண்டு கருத்துகள் அநேகமாக ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்பது ஒன்று. எல்லோருக்கும் ஜெயிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது மற்றது. முதலாவதைக் கடைப்பிடித்தால் இரண்டாவது கைகூடாது. வல்லவன் ஒவ்வொரு முறையும் வல்லவனாகவே இருப்பான். இரண்டாவதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் வல்லவனை ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது, எவ்வளவு செய்வது, அதை யார் நிர்ணயிப்பது என்று தத்துவவாதிகள் கருத்தளவில் கேட்டுக்கொண்டிருந்தபோது, குதிரைப் பந்தயக்காரர்கள் பவுண்டுக் கணக்கில் ஒரு பதிலை வைத்துக்கொண்டிருந்தார்கள். பந்தயத்தில் எனக்கு ஈடுபாடு கிடையாது. பணம் கட்டியதும் இல்லை. ஆனால் ஆர்க்கிள் என்ற அயர்லாந்துக் குதிரையின் சரித்திரம் இந்தக் கேள்விகளை மிக ஸ்தூலமாக எழுப்புவதாக எனக்குப் படுகிறது.

1

ஹாண்டிகாப் என்ற சொல் ஒரு பண்டமாற்று விளையாட்டிலிருந்து வந்தது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள நினைத்தால், மூன்றாமவன் ஒருவன் இரண்டையும் மதிப்பிட்டு, மதிப்புக் குறைந்த பொருளுக்கு உரியவன் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்று சொல்வான். இருவரும் ஒரு தொப்பிக்குள் கையை விட்டு எடுப்பார்கள். வெளியே வரும் கை சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிக்கும். சாமுவேல் பீப்ஸின் 1660ஆம் வருஷத்து நாட்குறிப்பில் இந்த விளையாட்டு வருகிறது. அசமமான இரண்டு பொருள்கள், அவற்றின் வித்தியாசத்துக்கு ஒரு தொகை, அந்தத் தொகைக்கு இருவரின் சம்மதம் என்று மூன்று அம்சங்கள் இதில் இருக்கின்றன. பந்தயம் முதல் இரண்டை எடுத்துக்கொண்டது. மூன்றாவதற்குப் பின்னால் வருகிறேன்.

பந்தயத்தில் தொகைக்குப் பதில் எடை. ஹாண்டிகாப்பர் என்ற அதிகாரி ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டங்களையும் பார்த்து அது எவ்வளவு சுமக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்கிறார். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்குக் குறைந்தால், சேணத்தோடு போடும் துணியின் பைகளில் ஈயத் தகடுகளைச் செருகிச் சரிக்கட்டுவார்கள். நல்ல குதிரை அதிகம் சுமக்கும்; சுமாரான குதிரை குறைவாகச் சுமக்கும். ஹாண்டிகாப்பரின் லட்சியம், எல்லாக் குதிரைகளும் ஒரே கணத்தில் முடிவுக் கோட்டைத் தொட வேண்டும் என்பது. அதாவது நியாயம் பூரணமாக நிறைவேறினால் பந்தயமே இல்லாமல் போய்விடும். பந்தயம் நடப்பது ஹாண்டிகாப்பரின் கணக்கில் மீந்துவிடும் பிழையில்தான்.

2

ஆர்க்கிள் 1957ல் பிறந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கே உள்ள ஒரு மலையின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1960ல் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகள் ஆன் அதை 1,150 கினிக்கு ஏலத்தில் எடுத்தார். பயிற்சி டப்ளினுக்கு வடக்கே டாம் டிரீப்பரின் லாயத்தில். பெரிய ஓட்டங்களிலெல்லாம் ஜாக்கி பாட் டாஃப். ஓடியது பெரும்பாலும் ஸ்டீபிள்சேஸில்: இரண்டு மைல், அதற்கு மேலும், வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓடும் பந்தயம். மொத்தம் 35 பந்தயங்களில் 27 வெற்றி.

இங்கிலாந்தின் மில் ஹவுஸ் 1963ல் செல்ட்டன்ஹாம் தங்கக் கோப்பையை வென்றபோது, அதற்கு இணையே கிடையாது என்று நினைத்தார்கள். அந்த நவம்பரில் நியூபரியில் நடந்த ஹென்னஸி பந்தயத்தில் அது ஆர்க்கிளையும் தோற்கடித்தது. ஆர்க்கிள் ஒரு வேலியைத் தாண்டி இறங்கும்போது வழுக்கி மூன்றாவதாக வந்தது. தங்கக் கோப்பை ஹாண்டிகாப் அல்ல. 1964 மார்ச்சில் இரண்டும் அங்கே சம எடையில், ஆளுக்கு 12 ஸ்டோன், ஏறக்குறைய 76 கிலோ சுமந்து ஓடின. ஆர்க்கிள் ஐந்து குதிரை நீளத்தில் ஜெயித்தது. 1965ல் அதே இடத்தில் அதே மில் ஹவுஸை இருபது நீளத்தில். 1966ல் முப்பது நீளத்தில். அந்த வருஷம் ஆர்க்கிளின் மேல் பத்துப் பவுண்டு கட்டியவனுக்கு லாபம் ஒரு பவுண்டு.

சம எடையில் ஓடிய பந்தயங்கள் ஆர்க்கிளைப் பற்றி நமக்குச் சொல்வது மிகக் குறைவு. அது மற்றவற்றைவிட மேல் என்று சொல்கின்றன; எவ்வளவு மேல் என்று சொல்வதில்லை. முப்பது நீளம் என்பதில் பின்னால் வந்தவை சோர்ந்துபோனதும் கலந்திருக்கிறது. எடையைக் கூட்டியபோதுதான் அளவு தெரிய ஆரம்பித்தது.

1964ல் அயர்லாந்தில் ஒரு விசித்திரமான காரியம் செய்தார்கள். எடைப் பட்டியலுக்கு மேல் வரம்பும் உண்டு, கீழ் வரம்பும் உண்டு. ஆர்க்கிளை உச்சியில் வைத்து மற்றவற்றை அவற்றின் தகுதிப்படி கீழே இறக்கினால், அநேகமாக எல்லாமே கீழ் வரம்பில் போய்க் குவிந்துவிடும். நல்ல குதிரைக்கும் சாதாரணக் குதிரைக்கும் ஒரே எடை என்றாகிவிடும். ஆர்க்கிள் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டாலோ, மிஞ்சிய பட்டியல் அர்த்தமில்லாதது. எனவே ஒரே பந்தயத்துக்கு இரண்டு பட்டியல்கள் தயாரித்தார்கள்: ஆர்க்கிள் ஓடினால் ஒன்று, ஓடாவிட்டால் ஒன்று.

இதை நிர்வாகத் தந்திரம் என்று மட்டும் எண்ணி நகர்ந்துவிட முடியாது. அசாதாரணமான ஒன்று வரும்போது மற்றவர்களின் வெற்றி வாய்ப்பு போவது எதிர்பார்க்கக்கூடியது. அதற்கும் மேலே, மற்றவர்களுக்குள் இருந்த தராதரமும் அழிந்துபோகிறது என்பதை இந்தப் பட்டியல்கள் காட்டின. பெரிய மலைக்குப் பக்கத்தில் குன்றுகளின் உயர வித்தியாசம் கண்ணுக்குப் படாது. குன்றுகளுக்கும் நியாயம் வேண்டுமென்றால் மலை இல்லாத ஒரு படத்தையும் வரைந்தாக வேண்டும்.

3

அந்த வருஷம் ஐரிஷ் கிராண்ட் நேஷனலில் ஆர்க்கிள் 12 ஸ்டோன் சுமந்தது. ஹைட் ஓ'ஃபாஷன் என்ற பெண் குதிரை அதைவிட 30 பவுண்டு குறைவாகச் சுமந்து, ஒன்றேகால் நீளத்தில் தோற்று இரண்டாவதாக வந்தது. 1966ல் அதே பந்தயத்தில் டிரீப்பரின் லாயத்தைச் சேர்ந்த இன்னொரு குதிரை, ஃப்ளையிங்போல்ட், அதே ஹைட் ஓ'ஃபாஷனுக்கு 40 பவுண்டு விட்டுக்கொடுத்து இரண்டு நீளத்தில் ஜெயித்தது. ஆர்க்கிளும் ஃப்ளையிங்போல்ட்டும் ஸ்டீபிள்சேஸில் ஒருமுறைகூட மோதவில்லை. ஆனாலும் டைம்ஃபார்ம் என்ற மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு 212, மற்றதற்கு 210 என்று பவுண்டுக் கணக்கில் எழுத முடிந்தது. நேரில் சந்திக்காத இருவரை, இருவரிடமும் தோற்ற ஒரு மூன்றாமவரை வைத்துத் தராசில் நிறுத்த முடிகிறது.

ஹாண்டிகாப் ஏற்பட்டது பலவீனமானவற்றின் நன்மைக்காக. அதன் உண்மையான பயனோ பலமானதைச் சொல்வதற்கு ஒரு மொழி கிடைத்ததில் இருக்கிறது. ஆர்க்கிளின் தோல்விகளைப் பாருங்கள். 1964 டிசம்பரில் செல்ட்டன்ஹாமில் மூன்றாவதாக வந்தது. ஜெயித்த ஃப்ளையிங் வைல்டுக்கு 32 பவுண்டு விட்டுக்கொடுத்திருந்தது. 1966 நவம்பரில் ஹென்னஸியில் அரை நீளத்தில் தோற்றது; ஜெயித்த ஸ்டால்பிரிட்ஜ் காலனிஸ்ட் சுமந்தது 35 பவுண்டு, கிட்டத்தட்ட 16 கிலோ குறைவு. அடுத்த மார்ச்சில், ஆர்க்கிள் இல்லாத தங்கக் கோப்பையில், சம எடையில் ஓடிய ஸ்டால்பிரிட்ஜ் காலனிஸ்ட் முக்கால் நீளத்தில்தான் கோப்பையைத் தவறவிட்டது. அந்த ஹென்னஸியில் மூன்றாவதாக வந்த வாட் எ மித் 1969ல் கோப்பையையே வென்றது. ஆக அந்த அரை நீளத் தோல்வி அதன் முப்பது நீள வெற்றியைவிடப் பெரிய காரியம். இது எப்படித் தெரிகிறது? எடை எழுதப்பட்டிருப்பதால் தெரிகிறது.

கர்ட் வானகட் 1961ல் வெளியிட்ட ‘ஹாரிஸன் பெர்ஜரான்’ கதையிலும் எடை வருகிறது. அங்கே வலுவானவர்களின் உடம்பில் அரசாங்கம் ஈயக் குண்டுகளைக் கட்டித் தொங்கவிடுகிறது. சமத்துவத்தைக் கேலி செய்ய விரும்புகிறவர்கள் இந்தக் கதையைச் சுலபமாக உதாரணம் காட்டுகிறார்கள். ஆர்க்கிளின் எடை அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்று நினைக்கிறேன். வானகட்டின் எடை, யாரும் யாரைவிடவும் மேலில்லை என்று நம்ப வைப்பதற்கானது. பந்தயத்தின் எடையோ அட்டையில், குதிரையின் பெயருக்கு நேரே, எல்லோரும் படிக்கும்படி அச்சாகிறது. ‘இது மற்றவற்றைவிட இவ்வளவு பவுண்டு மேல்’ என்ற பகிரங்க அறிக்கை அது. வித்தியாசத்தை ஈடுகட்டுவது வேறு, மறைப்பது வேறு.

விமர்சனம் எழுதுகிற நாம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. நாமும் சலுகை எடை வழங்குகிறோம். முதல் தொகுதி, இளம் கவிஞர், நம் பத்திரிகைக்காரர், நல்ல நோக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் சில பவுண்டுகள். சலுகை தருவது தவறில்லை. யாருமே ஓட வராத மைதானத்தில் ஆர்க்கிளுக்கும் வேலை கிடையாது. ஆனால் நம் மதிப்புரைகளில் முடிவு மட்டும் அச்சாகிறது. கொடுத்த எடை அச்சாவதில்லை. இருபது வருஷம் கழித்துப் படிக்கிறவன் ஃப்ளையிங் வைல்ட் ஆர்க்கிளைவிடப் பெரிய குதிரை என்றே முடிவு செய்வான். ‘இந்தக் கவிதைகளை இத்தனை பவுண்டு குறைத்துக்கொண்டு படித்தேன்’ என்று சொல்லும் விமர்சகன் எழுதப்படும் கவிஞனை அவமதிக்கவில்லை. அவன் எங்கே நிற்கிறான் என்பதை அவனுக்குத் தெரியப்படுத்துகிறான். நம்மிடையே நடக்கும் சண்டைகளில் பாதி, சொல்லாமல் கொடுத்த எடையையும் சொல்லாமல் ஏற்றிய எடையையும் பற்றியவை.

4

ஆனால் இந்த வாதம் இத்தோடு முடிந்துவிட்டால் அது சௌகரியமான வாதம். எடையைச் சுமந்தது ஒரு உடம்பு.

லிவர்பூலுக்குப் பக்கத்தில் எய்ன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் ஆர்க்கிளை ஓடவிட அதன் சொந்தக்காரர் கடைசிவரை மறுத்துவிட்டார். அங்குள்ள வேலிகளும் கூட்டமும் ஆபத்தானவை என்பது காரணம். அந்த அன்பைச் சந்தேகிக்க முகாந்திரமில்லை. ஆனால் வேலியிலிருந்து காப்பாற்றிய அன்பு எடையிலிருந்து காப்பாற்றவில்லை. விழுவது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கூடுதலாகச் சுமப்பது கௌரவமாகத் தெரிகிறது. உச்ச எடை சுமப்பதே குதிரைக்குச் செய்யப்படும் மரியாதை. திறமையைப் பாராட்டி மேலும் வேலை கொடுக்கும் எல்லா இடங்களிலும் இந்த மரியாதை உண்டு.

1966 டிசம்பர் 27ஆம் தேதி கெம்ப்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான பந்தயத்தில், ஓட்டத்தின் நடுவே அதன் முன்னங்கால் குளம்புக்குள் இருக்கும் எலும்பு முறிந்தது. முறிந்த காலோடு மிச்ச தூரத்தையும் ஓடியது. டார்மண்ட் என்ற குதிரையிடம் ஒரு நீளத்தில் தோற்று இரண்டாவதாக வந்தது. காலைக் கட்டுப்போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அது மறுபடி ஓடவில்லை. 1970 மே மாதம் அதைக் கருணைக் கொலை செய்தார்கள். எடைதான் எலும்பை முறித்தது என்று சொல்லமாட்டேன். சம எடையில் ஓடிய குதிரைகளுக்கும் எலும்பு முறிகிறது. என் கேள்வி வேறு. முறிந்த காலோடு அது ஓடியதை வீரம் என்று எழுதியிருக்கிறார்கள். ஓடாமல் நிற்பது என்ற தேர்வு தனக்கு இருப்பதாக அறியாத ஒன்றிடம் வீரம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? சக குதிரை 21 பவுண்டோ 35 பவுண்டோ குறைவாகச் சுமக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அது தோற்றபோது நாம் அதை வெற்றிக்கு மேலான தோல்வி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறோம். அந்தக் கணக்கில் அதற்குப் பங்கில்லை.

தொப்பி விளையாட்டின் மூன்றாவது அம்சம் இங்கேதான் விடுபட்டுப் போயிருக்கிறது. பொருளுக்கு உரியவன் கையை விட்டுச் சம்மதம் சொன்னான். மாற்றப்பட்ட பொருளிடம் யாரும் கேட்கவில்லை. நியாயம், அளவு, மரியாதை என்று ஆர்க்கிளைச் சுற்றி எழுந்த எல்லாமே மனிதர்களுக்குள் நடந்த பரிவர்த்தனை. அதனால் அவை பொய்யாகிவிடாது. பகிரங்கமாக எழுதப்பட்ட எடை ரகசியமாகத் தரப்பட்ட சலுகையைவிட நேர்மையானது என்றே இப்போதும் சொல்வேன். ஆனால் நேர்மையான தராசும் எதையாவது தூக்கித்தான் நிறுக்க வேண்டியிருக்கிறது. கவிஞன் தன் மேல் ஏற்றிய எடையை மறுத்து எழுதலாம், சண்டை போடலாம், எழுதுவதையே நிறுத்தலாம். விமர்சகனின் எடைக்கு இருக்கும் ஒரே நியாயம் அந்த மறுப்பு சாத்தியமாக இருப்பதுதான். மறுக்க முடியாத ஒன்றின் மேல் ஏற்றும்போது, கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், அது ஏற்றுபவனின் கடனாகவே நிற்கிறது.