உறுதியில்லாக் காவல்

தனக்குச் சொந்தமில்லாத நிலத்தைப் பராமரிக்கும் கடமை ஒருவருக்கு உண்டா? உண்டென்றால் அதற்கு ஈடாக அவருக்குள்ள உரிமை என்ன? 2025 நவம்பர் 28 இல் டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையால் ஏறி மலைநாட்டின்மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போன பிறகு இந்தக் கேள்வியை ஒதுக்கிவைக்க முடியாது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகக் கூடுதலான சாவு கண்டி மாவட்டத்தில். கடலில் பிறந்த புயல் கரையைவிட மலையிலேயே அதிகம் பேரைக் கொன்றது. அதற்கு யெமன் நாடு வைத்த பெயர் சொகோத்ரா தீவிலுள்ள ஒரு கடற்கழியினுடையது. ஒரு சின்னத் தீவின் பெயரோடு வந்த புயல் இன்னொரு தீவின் நடு மலைகளையே தீவுகளாக்கியது. பாதை உடைந்து, மின்சாரமும் தொலைபேசியும் நின்றுபோனால் ஒரு தோட்டம் தனித்தீவுதான்.

அப்படித் துண்டிக்கப்பட்ட மலைகளில் நிலத்துக்கும் ஆட்களுக்கும் முதல் காவல், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் மக்கள்தான். இயந்திரம் வந்து சேரும்வரை மண்வெட்டியும் அலவாங்குமாய் வழி வெட்டுவது, தண்ணீர்ப் பீலியைத் திரும்பப் பூட்டுவது, கோயிலிலோ பாடசாலையிலோ ஒரே அடுப்பில் எல்லாருக்கும் சமைப்பது எல்லாம் மலைநாட்டுக்குப் பழக்கமானவை. இதைப் பாராட்டுவது சுலபம். பாராட்டுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. காவலர் என்று ஒருவரை மேலே தூக்கி வைத்துவிட்டால், அவருக்கு அங்கே ஓர் அடி காணியாவது உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலையின் வரலாறு அங்கிருந்துதான் எழுதப்படுகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டை வெட்டிக் கன்று நட்டு, கவ்வாத்து வெட்டி, கொழுந்தெடுத்து அந்த மலைகளைத் தேயிலை மலையாக வைத்திருப்பவர்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். லயக்காம்பராவை எங்கே கட்டுவது என்று முடிவெடுத்தவர் மட்டும் எந்தக் காலத்திலும் அதில் குடியிருந்ததில்லை.

ஒரு கானை எடுத்துக்கொள்வோம். மழைத்தண்ணீர் வேகமாக ஓடி மண்ணை அரிக்கவும் கூடாது, ஓரிடத்தில் தங்கி உள்ளே ஊறவும் கூடாது. அதற்காகத்தான் தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுகிறார்கள். கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். ஊறிய மண் தன் பாரத்தையே தாங்காது. தோட்டத்தில் ஆள் குறையும்போது கைவிடப்படுவதும் இப்படியான வேலைதான். கொழுந்துக்கு நிறை உண்டு, விலை உண்டு. வெட்டிய கானுக்கு இரண்டும் இல்லை. லயத்துக்குப் பின்னால் உள்ள கான் மண்ணடைந்து கிடப்பதை அங்கே குடியிருக்கும் பெண் நாள்தோறும் பார்க்கிறாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மிஞ்சிய ஞாயிற்றுக்கிழமையில் அதை வாரிவிடுவது அவள் கடமையா?

கடமைதான் என்று சொல்ல நியாயம் உண்டு. ஆபத்தைக் கண்டவர் கண்டும் காணாமல் இருக்கக்கூடாது. அந்தக் கான் உடைந்தால் கீழ் லயத்துக் குழந்தையும் புதையும். ஆனால் இந்தக் கடமை எவ்வளவு தூரம் நீளும்? இருக்கிற கானை அவள் வாரலாம். புதுக் கான் வெட்டித் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப அவளுக்கு அதிகாரம் இல்லை. மேலே நிற்கிற மரத்தைத் தறிப்பதைத் தடுக்க முடியாது. லயத்தை வேறிடத்துக்கு மாற்ற முடியாது. பின்பக்கம் ஒரு குசினி இறக்கவே தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு நிற்க வேண்டும். முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காமல் விளைவுக்கு மட்டும் பொறுப்பாக்குவதை அறம் என்று சொல்ல முடியாது. கானை வாருவது அவளுடைய நல்ல மனம். கான் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துக்கொள்வது நிர்வாகத்தின் கடமை. முதலாவதைக் காட்டி இரண்டாவதிலிருந்து தப்பக்கூடாது.

1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தி கண்டிக்கும் போனார், தோட்டப் பகுதிகளுக்கும் போனார். அவருடைய தர்மகர்த்தாக் கொள்கை சொத்துள்ளவரைப் பார்த்துச் சொன்னது: உன் கையில் உள்ளது சமூகத்துக்காக நீ காத்து நிற்பது. அந்தக் கொள்கைக்குக் குறைகள் உண்டு. பணக்காரரின் மனச்சாட்சியை அது கொஞ்சம் அதிகமாகவே நம்பியது. இருந்தாலும் கடமையை எங்கே வைப்பது என்பதில் தவறவில்லை. மலைநாட்டில் அது தலைகீழாகிவிட்டது. சொத்தே இல்லாதவரிடம் தர்மகர்த்தாவின் கடமையை எதிர்பார்க்கிறோம். சொத்து இருப்பது யாரிடம்? 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளுக்குப் போனது. கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் பல இன்றும் அரச நிறுவனங்களிடமே இருக்கின்றன. கம்பெனியைக் கைகாட்டித் தப்பும் வழி அங்கே அரசுக்கு இல்லை.

இன்னொரு தரப்பின் நியாயத்தை மறைத்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் சேனை செய்த மலையும் மாடு மேய்த்த புல்வெளியும் கோப்பித் துரைமாருக்கு விலைப்பட்டன. இது எங்கள் பாட்டன் நிலம் என்று அந்தக் கிராமத்தவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அவரிடமிருந்து நிலத்தை எடுத்தவர் லயத்துத் தொழிலாளி அல்ல. கிராமத்தவரிடம் கேட்ட அதே கடதாசிதான் இன்று தொழிலாளியிடமும் இல்லை. குடியுரிமையையே 1948 இல் பறிகொடுத்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெற்றவர்களிடம் காணி உறுதி எங்கிருந்து வரும்? 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பிரித்தெடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் இறந்தார். பழைய அநியாயத்துக்குப் பரிகாரம் என்ற பெயரில் செய்யப்பட்ட புது அநியாயம் அது.

அப்படியானால் இருக்கிற லயத்துக்கே உறுதி எழுதிக் கொடுத்தால் போதுமா? போதாது. சொந்தக் காணிக்காரரும் செங்குத்துச் சரிவைக் கொத்தி மரக்கறி போட்டு மண்ணை ஆற்றில் விடுகிறார்கள். உறுதி வந்தவுடன் அக்கறையும் வந்துவிடும் என்பது ஆசை மட்டுமே. அதைவிடப் பெரிய சிக்கல், சரியப்போகிற இடத்துக்கு உறுதி கொடுப்பது. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005 இலும் 2011 இலும் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களைப் புதைத்தது. சொல்லியும் போகவில்லையே என்று பிறகு பேசினார்கள். எங்கே போவது? போக இடம் காட்டாத எச்சரிக்கை, சொன்னவரின் கையைக் கழுவிவிடும் தண்ணீர்.

மழை இரவில் பலவந்தமாகவாவது மக்களை வெளியேற்றலாம், உயிர் முந்தியது. அந்த ஒரு இரவின் அதிகாரத்தை வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பாடசாலையில் இருத்திவிட்டு, பிறகு அதே லயத்துக்குத் திரும்பிப் போகச் சொல்ல முடியாது. மலையில் காணி இல்லையென்றால் வடக்கு, கிழக்கில் குடியேறலாம் என்ற பேச்சும் புயலுக்குப் பிறகு எழுந்தது. 1977 இலும் 1983 இலும் இனக்கலவரத்தால் துரத்தப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது இன்னும் நினைவிலிருக்கிறது. தானே விரும்பிப் போகிறவருக்கு வாசல் திறப்பது நல்லதுதான். தேயிலைக்கு இருக்கிற இடம் ஆளுக்கு இல்லை என்று அனுப்புவது வேறு.

காவலோடு அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்த ஓர் உதாரணம் உண்டு. நியூசிலாந்தில் வங்கானுயி ஆற்றுக்கு 2017 இல் சட்ட ஆளுமை கொடுத்தபோது, அதன் சார்பில் பேச இருவரை வைத்தார்கள்: ஒருவரை அரசு நியமிக்கும், மற்றவரை ஆற்றங்கரை மாவோரிக் குலங்கள் நியமிக்கும். காக்கிறவருக்கு முடிவெடுக்கும் மேசையில் நாற்காலி உண்டு என்பதுதான் அதில் உள்ள பொருள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தெல்தோட்டை மலைகளில் அபாயக் கோடு வரையும்போது அங்குள்ள லயத்து ஆள் ஒருவரும் கூடவே நிற்கட்டும். எந்தக் கான் எந்த வருடம் தூர்ந்தது என்று அவரால்தான் சொல்ல முடியும்.

தோட்டக் குடும்பம் ஒன்றுக்கு வீடு கட்ட 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு பழையது. இனிக் கேட்க வேண்டியது அந்த 7 பேர்ச்சஸ் எந்த மலையில் என்பதுதான். சரிவு குறைந்த, தண்ணீர் வடியும், பாதைக்குக் கிட்டிய நிலத்தில் இப்போது நல்ல தேயிலை நிற்கிறதென்றால், அந்தத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுத்தான் வீடு கட்ட வேண்டும். விளையாத மூலையைக் கொடுத்தால் அடுத்த பெருமழைக்கும் அதே குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்தில்தான் படுத்திருக்கும்.