கடைசியாகப் படகேறியவன்

தெக்கோங் தீவில் வெள்ளி மாலை புக் அவுட் என்றால் பத்தே நிமிடத்தில் எங்கள் பங்க் காலியாகிவிடும். ஒருத்தன் மட்டும் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பான். "வீட்டுக்குப் போகலையாடா?" என்று கேட்டால், "இங்க திட்டுனா ஏன்னு தெரியும்டா. எங்க வீட்ல அது தெரியாது" என்பான். அவன் முதுகில் நீளநீளமாகத் தழும்புகள். யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எங்களைச் சட்டம் கூப்பிட்டது; போனோம். அமெரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு 1973இல் முடிந்துவிட்டது. அதன்பின் சேர்ந்தவர்கள் எல்லாரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தக் காலத்தில் ராணுவத்தில் பணியாற்றிய ஆண்கள், பணியாற்றாதவர்களைவிட அதிகமாகச் சிறுவயதுக் கொடுமைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அடி, பாலியல் வன்முறை, வீட்டுக்குள் சண்டை. கட்டாயச் சேர்ப்புக் காலத்து ஆண்களிடம் அந்த வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. அப்படியானால் விரும்பிச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தப்பி ஓடிவந்தவர்கள்?

ஓடிவந்த இடத்திலோ போர். வியட்நாம் போர்வீரர்களைப் பற்றிய 1993 ஆய்வில், போருக்குப் பிந்தைய மனவடு நோய் வந்தவர்களில் 26 விழுக்காட்டினர் சிறுவயதில் அடிக்கும் சித்திரவதைக்கும் ஆளானவர்கள். நோய் வராதவர்களில் 7.

இதைப் படித்தபோது முதலில் பரிதாபம் வந்தது, அப்புறம் பயம். இந்த உண்மையை யாரும் எப்படியும் பயன்படுத்தலாமே. 2001 நவம்பர் முதல் 2007 ஜூன் வரை சுமார் 26,000 அமெரிக்கச் சிப்பாய்கள் 'ஆளுமைக் கோளாறு' என்று எழுதி அனுப்பப்பட்டார்கள். அது சேரும் முன்பே இருந்த குறையாகக் கருதப்படுவதால் அதற்கு இழப்பீடு கிடையாது. அவர்களில் சுமார் 2,800 பேர் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்காக அனுப்பப்பட்டவர்கள். எல்லாமே தவறான முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் 'நீ வரும்போதே அப்படித்தான்' என்பது எவ்வளவு வசதியான வாக்கியம்!

நான் பொறியாளன். கிரேன் கொக்கியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்து, பாரம் தூக்கும்போது உடைந்தால் நாங்கள் இரும்பைக் குற்றம் சொல்வதில்லை. சோதிக்காமல் தூக்கவைத்தது யார் என்றுதான் கேட்போம். சரி, சோதித்து ஒதுக்கிவிடலாமா? அங்கேதான் என் உவமை உதவாமல் போகிறது. கொக்கியை ஓரமாகப் போடலாம். ஓடிவந்த பையனை எங்கே அனுப்புவது, அந்த வீட்டுக்கேவா?

போன வருடம் ரிசர்விஸ்ட்டில் அவனைப் பார்த்தேன். வெள்ளி மாலை, "புள்ள தூங்கிருவாடா" என்று எல்லாருக்கும் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். தழும்பைப் பற்றி இந்த முறையும் நான் கேட்கவில்லை.