வாடகையில் வீட்டின் பங்கு

மாதம் பிறந்ததும் வாடகை கைக்கு வருகிறது. மளிகைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்திற்கு இவ்வளவு, ஸதக்காவுக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கிறோம். அந்தப் பணத்தைச் சம்பாதித்துக் கொடுத்த வீட்டிற்கு எவ்வளவு வைத்தோம்? ‘ஒழுகும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே நம்மில் பலருடைய பதில்.

வந்த வாடகை முழுவதையும் செலவழிக்க நமக்கு உரிமை உண்டா? இதை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

வீட்டை வாடகைக்கு விடும்போது நாம் வீட்டை விற்பதில்லை. அதில் குடியிருக்கும் பயனை விற்கிறோம். ஃபிக்ஹு நூல்கள் இதை ‘இஜாரா’ என்கின்றன. கூரை ஒழுகி ஓர் அறையில் படுக்க முடியாமற் போனால், விலை வாங்கிய பொருளில் ஒரு பகுதியை நாம் கொடுக்கவில்லை என்றுதானே பொருள்? ஆகவேதான் ஷாஃபிஈ மத்ஹபில், கட்டடத்தைச் செப்பனிடுவது உடைமையாளரைச் சேர்ந்தது. அவர் தாமதிக்காமல் செய்து கொடுக்காவிட்டால் குடியிருப்பவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். ஆதாயமும் பொறுப்பும் சேர்ந்தே வருகின்றன என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது.

வக்ஃபுச் சொத்தின் சட்டம் இன்னும் தெளிவானது. அதன் வருமானத்தில் முதற்செலவு அதைப் பழுதுபார்ப்பதுதான். வக்ஃபு செய்தவர் அப்படி எழுதிவைக்காவிட்டாலும் இதுவே முறை என்கிறது ஹனஃபீ மத்ஹபு. நம் சொந்த வீடு வக்ஃபு அல்ல, உண்மைதான். ஆனாலும், அங்கே ஏழையின் பங்கே கூரைக்குப் பின்னால் நிற்கும்போது, இங்கே நம் வீட்டுக் கல்யாணச் செலவு கூரைக்கு முன்னால் நிற்கலாமா?

அரசாங்கமும் இந்தப் பங்கை அறிந்திருக்கிறது. வாடகை வருமானத்திற்கு வரி கணக்கிடும்போது, கட்டிய சொத்து வரி போக மீதியில் நூற்றுக்கு 30 ரூபாயைக் கழித்துக்கொள்ள இடம் தருகிறார்கள். பழுதுபார்த்த ரசீதைக் கேட்பதில்லை. ரசீது கேட்காத இடத்தில்தானே தக்வாவுக்குச் சோதனை! தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாதபோது, கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, மின்கம்பி வேலை ஆகியவற்றை உடைமையாளர் மீதும், குழாய் வாஷர், சுவிட்சு போன்றவற்றைக் குடியிருப்பவர் மீதும் வைக்கிறது.

தள்ளிப்போடுவதால் செலவு குறைவதில்லை. மொட்டைமாடியில் விரிசல் விழுந்த வருஷமே கவனித்தால் கொத்தனாரின் ஓரிரு நாள் கூலியோடு போகும். விட்டுவிட்டால் மழைநீர் இறங்கிக் காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. காரை பெயர்ந்து விழுகிறது. கீழே தொட்டிலில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கலாம். அன்று அல்லாஹ்விடம் நாம் என்ன கணக்குச் சொல்வோம்? குடியிருப்பவர் எந்த மதத்தவராயினும் அவருடைய ஹக்கு ஹக்குதான்.

வாப்பா விட்டுச்சென்ற வீட்டில் சகோதர சகோதரிகள் பலர் பங்குதாரர்களாக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வாடகையை ஃபராயிள் முறைப்படி பைசா பிசகாமல் பிரித்துக்கொள்கிறார்கள். பழுது என்றதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். வாடகையில் எந்த விகிதமோ, பழுதிலும் அதே விகிதம்தான். வீட்டின் பங்கை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் பிரித்தால் பிறகு மனத்தாங்கலுக்கு இடமிராது.

‘ஒற்றை வீட்டு வாடகையில் காலம் தள்ளும் விதவைத் தாய் என்ன செய்வார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருக்கு அந்த வீடுதான் நாளைய சோறு. ஆகவே சிறுதொகையாவது எடுத்துவைப்பது அவருக்கே நல்லது. பெரிய வேலை வந்தால் உறவினரும் ஜமாஅத்தும் ‘கர்ளு ஹஸனா’ கொடுத்துத் தாங்கட்டும். ஆனால் மூன்று நான்கு வீடுகளை வைத்துக்கொண்டிருப்பவர்கள் அவரைச் சாக்காகக் காட்ட வேண்டாம்.

எளிய வழி ஒன்று சொல்கிறோம். 12 மாத வாடகையில் ஒரு மாதத்தைச் சில்லறைப் பழுதுகளுக்கும், இன்னொரு மாதத்தைத் தளம் போடுதல், மின்கம்பி மாற்றுதல் போன்ற பெரிய வேலைகளுக்கும் ஒதுக்குங்கள். மாத வாடகை 6,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000. அதாவது மாதம் 1,000. பழைய வீட்டிற்கு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், செப்டம்பரிலேயே மாடியேறித் தண்ணீர் போகும் வழிகளைப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒதுக்கிய பணம் செலவாகும்வரை நம்முடைய பணமே. நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால் அதற்கும் ஸகாத் உண்டு. பெயரளவில் அது நம்முடையது. ஆனால் அதில் இன்னொருவரின் நிம்மதியான தூக்கம் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு அதைப் பேணுவோமாக!

வல்ல அல்லாஹ் நம் வருமானத்தில் பரக்கத்தையும், பிறர் ஹக்கைப் பேணும் மனத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.