அமானிதமும் கட்டணமும்

கல்முனையிலும் அதனை அடுத்த சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய ஊர்களிலும், புதிய கல்வியாண்டு நெருங்குகின்ற காலத்தில், பல இல்லங்களில் மஃரிபுத் தொழுகைக்குப் பின் நடைபெறுகின்ற சம்பாஷணை ஒன்றுண்டு. ஆங்கில மொழிமூலம் கற்பிக்கும் புதிய தனியார் பாடசாலை ஒன்றின் வண்ணத் துண்டுப்பிரசுரம் பாயின்மீது கிடக்கும். அதன் பின்புறத்தில் அனுமதிக் கட்டணம், தவணைக் கட்டணம், சீருடை, வான் கூலி என்று வாப்பா தம் கையால் எழுதிக் கூட்டிய தொகை இருக்கும். அத்தொகையின் கீழே, இவ்வருட வேளாண்மையில் மிஞ்சக்கூடிய நெல்மூடைகளின் எண்ணிக்கை பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதப்பட்டிருக்கும். “படிப்புக்குச் செலவழிக்கிற காசு வீணாப் போகுமா?” என்று உம்மா கேட்பார். “வீணாப் போகா புள்ள, ஆனா நாளைக்கு அல்லாஹ் கேக்கிற கணக்கு ஒண்டு இரிக்கே” என்பார் அவர். அந்த இரண்டாவது கணக்கே இக்கட்டுரையின் விஷயம்.

பெற்றோரின் இந்த ஆவலை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமன்று. தன் குடும்பத்தாருக்காக ஒருவன் செலவிடும் காசு, ஏனைய தர்மங்களினும் மேலான நன்மைக்குரியது என்பது நபிமொழி காட்டும் வழி. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பொருட்டு ஒன்பது வயதுப் பாலகர்கள் மாலைப் பொழுதையும் விடுமுறை நாளையும் ரியூசன் வகுப்புகளில் கழிப்பதையும், இலவசக் கல்வியின் நிழலிலேயே அதற்கென மாதந்தோறும் பணம் செல்வதையும் கண்டு சலித்தவர்கள், கொடுக்கிற காசை ஓரிடத்திலேயே கொடுத்துவிடலாமே என்று எண்ணுவதில் வியப்பென்ன? ஆங்கிலம் அறியாமையால் தகுதியிருந்தும் பின்தள்ளப்பட்ட தந்தை ஒருவர், அந்த அவமானம் தம் பிள்ளைக்கு வரலாகாது என்று விரும்புவதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனினும், பிள்ளை பெற்றோரின் உடைமை அன்று. அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். 1058 முதல் 1111 வரை வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய ஆராய்ச்சியை இந்த இடத்திலிருந்தே தொடங்குகிறார். அவருடைய ஆராய்ச்சியினும் அவருடைய இளமைக் காலமே எனக்கு இங்கு அதிகம் பேசுவதாகத் தோன்றுகிறது. கம்பளி நூல் நூற்று ஜீவித்த அவர் தந்தை, மரணத் தறுவாயில், தம் இரு புதல்வரையும் சிறு சேமிப்பையும் சூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தாரென்றும், அச்சேமிப்புத் தீர்ந்தபோது, மாணவர்க்கு உணவளித்துக் கற்பிக்கும் மத்ரசாவை நாடுமாறு அந்நண்பர் அச்சிறுவர்க்குச் சொன்னாரென்றும் வரலாறு கூறுகிறது. இஸ்லாமிய உலகம் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று போற்றும் மேதை, தகப்பன் விட்டுச்சென்ற காசால் அன்று, வேறு யாரோ அறத்துக்கென வக்பு செய்த சொத்தின் வருமானத்தால் கல்வி பெற்றவர். அந்த யாரோ ஒருவர் தம் மக்களுக்கு மாத்திரம் ஆசான் வைத்துக்கொண்டு திருப்தியடைந்திருந்தால்?

கடமைகளை, ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதிக்கப்பட்ட பர்ளு ஐன் என்றும், சமூகத்தின்மீது கூட்டாக விதிக்கப்பட்ட பர்ளு கிபாயா என்றும் நம் சட்ட அறிஞர்கள் பகுத்தனர். கூட்டுக் கடமையைச் சிலர் நிறைவேற்றினால் எல்லோரும் விடுபடுவர். ஒருவருமே நிறைவேற்றாவிடின் எல்லோரும் குற்றவாளிகள். வைத்தியத்தையும் கணிதத்தையும் இந்த இரண்டாம் வகையிற் சேர்த்த கஸ்ஸாலி, ஊரில் வைத்தியம் கற்பாரின்றி, அனைவரும் கீர்த்தி தரும் துறைகளையே நாடி ஓடுவதைக் கடிந்துரைத்தார். ஊர்ப் பிள்ளைகள் அனைவர்க்கும் நல்ல கல்வி கிடைக்கச் செய்வது இத்தகைய கூட்டுக் கடமை என்றே நான் கொள்கிறேன்.

நம் கரையோரம் இதனை ஒரு காலத்தில் நன்கறிந்திருந்தது. யுத்த காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், வயலும் கடலும் செழித்த இந்நாட்டில் முஸ்லிம் பிள்ளைகள் கல்வியில் வறியவராயிருப்பதைக் கண்டார். அயலூரான காரைதீவின் மைந்தர் சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு ஊக்கமளித்தது. கல்முனையிலே அவர் தொடங்கிய கல்விச் சங்கத்தின் எண்ணமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. அந்நாளைய கல்வியமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி எழுந்தது. வசதியுள்ளோர் வசதியற்றோரின் பிள்ளைக்காகச் சிந்தித்த தலைமுறை அது.

இன்றைய கட்டணப் பாடசாலைகளின் நிலை வேறு. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கல்வியமைச்சராயிருந்தவர் பதியுதீன் மஹ்மூத். கல்முனையின் மகளிர் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கெனப் புதிய தனியார் பாடசாலை நிறுவுவதை அக்காலச் சட்டம் தடுத்தமையால், பின்னர் தோன்றிய, தனியார் பாடசாலை என்றே நாம் வழங்கும் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற ஸ்தாபனங்களாகவே நடைபெறுகின்றன. நட்டம் வந்தால் கதவை மூடிக்கொள்ளும் சுதந்திரம் வர்த்தகத்துக்கு உண்டென்பதைப் பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி, இவ்வூர்களுக்கே உரிய ஒரு சங்கடம். மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே விவாகம் செய்விப்பது நம் வழக்கம். மருமகன் அவ்வீட்டுக்கே வந்து சேருவான். ஆகவே பெண் பிள்ளை பிறந்த நாள்முதல் கல்லும் சீமெந்தும் பெற்றோரின் நெஞ்சிற் பாரமாய் ஏறிவிடுகின்றன. இந்நிலையில், “மகளுக்கு வீடு இரிக்கு, மகனுக்குப் படிப்பாவது இரிக்கட்டும்” என்று சமாதானம் செய்துகொண்டு, மகனைக் கட்டணப் பாடசாலைக்கும் மகளை அரசினர் பாடசாலைக்கும் அனுப்பும் குடும்பங்கள் உள. ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக இருக்கும்படி நுஃமான் இப்னு பஷீரின் தந்தை வேண்டியபோது, ஏனைய பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று வினவி, இல்லையென்றதும் நபிகள் நாயகம் மறுத்துவிட்டார்கள். வீடு மணவாழ்வுக்கான ஏற்பாடு. அது அறிவுக்கு ஈடாகாது. மகளின் படிப்பைக் குறைத்து மகனின் கட்டணம் கட்டப்படுமாயின், அந்தப் பாடசாலை எத்துணைச் சிறந்ததாயினும், அந்தச் சேர்க்கையில் அநீதி கலந்திருக்கிறது. வட்டிக் கடன் வாங்கிக் கட்டுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. மார்க்கம் அதனைத் தெளிவாகவே விலக்கிவிட்டது.

கடனுமில்லை, பாரபட்சமுமில்லை, கையில் வசதியிருக்கிறது என்போர் சேர்க்கட்டும். அது ஹறாம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. “எங்கட ஒரு பிள்ளை போறதால பள்ளிக்கூடம் கெட்டுப்போகுமா?” என்று அவர்கள் கேட்பதுண்டு. கணித ஆசிரியரின் இடம் மாதக்கணக்கில் வெறுமையாயிருக்கும்போது, வலயக் கல்விப் பணிமனையின் படியேறிக் காரணம் கேட்கக்கூடியவர் வைத்தியரும் சட்டத்தரணியும் வங்கி உத்தியோகத்தரும். அவர்கள் தம் மக்களை அழைத்துக்கொண்டு விலகியபின், விடியுமுன் கரைவலை இழுக்கப் போகும் தகப்பனின் குரலை அங்கே யார் கேட்பார்? ஆதலால், பிள்ளை எங்கே படித்தாலும், தாம் படித்த ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து விலகாமல், அங்குள்ள குறைகளுக்காக முன்போலவே வாதாடுவது வசதியுள்ளவர் கடமை. கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு தவணையும் அதிலொரு பங்கை அயலிலுள்ள மீனவக் குடும்பத்துப் பிள்ளையின் கல்விக்கு ஒதுக்க வசதி இல்லாதவர், அக்கட்டணத்துக்கும் தமக்கு வசதி இல்லை என்றே கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.